தோலிலும் மூட்டிலும் ஒரே நோய்: மருத்துவர்கள் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மூட்டுவலியோடு உடம்பில் தடிப்பும் சேர்ந்து வந்தால் நம் வீடுகளில் விளக்கங்களுக்குப் பஞ்சமிருக்காது. நேற்றுச் சாப்பிட்ட இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் ஒருவர். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பார் இன்னொருவர். எல்லாம் வாயு என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுப்பவரும் இருப்பார். எதற்கும் மசியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும்போதுதான், ‘ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடப் போகிறது’ என்ற பேச்சு தொடங்குகிறது. எடுத்த பரிசோதனைகளில் ‘எல்லாம் நெகட்டிவ்’ என்று வந்துவிட்டால், நோயே இல்லை என்று சிலரும், மருத்துவருக்கு விவரம் போதவில்லை என்று சிலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். நோயறிதல் என்ற வேலை எப்படி நடக்கிறது என்பது தெரியாததால் வரும் முடிவுகள் இவை.

தோலையும் மூட்டையும் ஒருசேரத் தாக்கும் அரிய நோய்கள் பல உண்டு. அவற்றுள் பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்த வேலையை இங்கே விளக்கப் பார்க்கிறேன். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகவே புதிதாக வரும் இந்த நோயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘இதுதான்’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிடும் பரிசோதனை இதற்கு இல்லை. ஆகவே மருத்துவர் எப்படி யோசிக்கிறார் என்பதை இதில் தெளிவாகப் பார்க்கலாம்.

கூரையில் தெரியும் ஈரக்கறை

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குளியலறைக் கூரையில் ஒரு நாள் ஈரக்கறை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கறையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், மேல்வீட்டுத் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு விட்டுப்போயிருக்கிறதா, குழாய் கசிகிறதா, வெளிச்சுவர் வழியாக மழைநீர் இறங்குகிறதா என்று கறை சொல்லாது. விவரம் தெரிந்த ஆள் வந்தால் கறையைவிட நம்மிடம் கேட்கும் கேள்விகளிலேயே அதிக நேரம் செலவிடுவார்: மழை பெய்யும் நாளில் மட்டும் கூடுகிறதா, மேல்வீட்டில் குளித்த பிறகு சொட்டுகிறதா, அவர்கள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் காய்ந்திருந்ததா? அதன் பிறகு மேல்வீட்டுத் தரையில் நீரைத் தேக்கி வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் எஞ்சுவதைச் சரிசெய்வார்.

தடிப்பும் மூட்டு வீக்கமும் அந்தக் கறையைப் போன்றவை. அவை ஒரு காரணத்தின் விளைவுகள். ஒரே மாதிரித் தெரியும் விளைவுக்குப் பின்னால் இருபது காரணங்கள் இருக்கலாம். எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது, கூடவே வேறென்ன வருகிறது என்ற மூன்றும்தான் அந்த இருபதை ஐந்தாகக் குறைக்கின்றன. மற்ற காரணங்களை ஒன்றொன்றாகச் சோதித்துத் தள்ளிய பிறகு ஒரு நோயின் பெயருக்கு வந்து சேர்வதை விலக்கி அறிதல் என்கிறோம்.

தோலும் மூட்டும் ஏன் ஒன்றாகச் சிக்குகின்றன?

வெளியே இருக்கும் தோலுக்கும் உள்ளே இருக்கும் மூட்டுக்கும் என்ன உறவு என்று தோன்றுவது இயல்பு. மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்விலும் தோலின் அடுக்குகளிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. இரண்டிலும் நோயெதிர்ப்பு அணுக்கள் காவலுக்கு நிற்கின்றன. ரத்தத்தில் ஓர் அபாய அறிவிப்பு பரவினால், இரண்டு இடத்துக் காவலர்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வார்கள். அப்போது ஏற்படும் சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகியவற்றின் தொகுப்பே அழற்சி.

நம் உடம்பின் எதிர்ப்பு ஏற்பாட்டில் இரண்டு தளங்கள் உண்டு. ஒன்று பிறவியிலேயே அமைந்தது: எதிரி யார் என்று ஆராயாமல் உடனே பாய்வது. மற்றொன்று பழகிக் கற்றுக்கொள்வது: குறிப்பிட்ட எதிரியை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள் என்ற புரதத்தைத் தயாரிப்பது. இரண்டாவது தளம் தவறிப்போய் உடம்பின் சொந்தப் பாகங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கும்போது லூப்பஸ், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் வருகின்றன.

ஸ்டில் நோயில் பெரும் பங்கு வகிப்பது முதல் தளம். மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்களும், ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களும் வெளிப்படையான எதிரி யாருமில்லாமலே தூண்டப்பட்டு, சைட்டோகைன் என்ற செய்தி மூலக்கூறுகளை அளவு மீறிச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின் 1, 6, 18 என்று எண்ணிட்டு அழைக்கப்படும் சைட்டோகைன்கள் இதில் முக்கியமானவை. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை அவை எட்டும்போது காய்ச்சல். தோலை எட்டும்போது தடிப்பு. மூட்டுச் சவ்வை எட்டும்போது வீக்கம்.

இதைப் புரிந்துகொண்டால் ‘எல்லாம் நெகட்டிவ்’ என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.எஃப்., லூப்பஸுக்காகப் பார்க்கும் ஏ.என்.ஏ. இரண்டுமே எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள். எதிர்ப்பொருளால் நடக்காத நோயில் அவை பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். அந்த நெகட்டிவ் ஒரு துப்பு. நோய் இல்லை என்ற சான்றிதழாக அதைப் படிக்கக்கூடாது.

ஸ்டில் என்ற பெயர்

1897ஆம் ஆண்டு, ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், காய்ச்சலும் மூட்டு வீக்கமும் கொண்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதே தோற்றம் பெரியவர்களிடமும் இருப்பதை மருத்துவர் எரிக் பைவாட்டர்ஸ் 1971இல் 14 நோயாளிகளை வைத்துக் காட்டினார். நெடுங்காலம் இரண்டும் தனித்தனிப் பெயர்களில் வழங்கின. 2024இல் வெளியான ஐரோப்பியப் பரிந்துரைகள் இரண்டையும் ஒரே நோயாகக் கருதும்படி சொல்கின்றன.

நோயின் முகம் இதுதான்: நாளுக்கு ஒரு முறை, சிலருக்கு இரு முறை, 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் காய்ச்சல், காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போகும் தடிப்பு, முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால்களில் வலி அல்லது வீக்கம், பலருக்குத் தொடக்கத்திலேயே கடும் தொண்டைவலி. கழுத்தில் நெறி கட்டுவதும், கல்லீரல் அளவீடுகள் உயர்வதும், மண்ணீரல் வீங்குவதும் உண்டு. பெரும்பாலும் இளையர்களையும் நடுவயதினரையும் தாக்குகிறது.

காலை பத்து மணிக்கு எல்லாம் சரியாக இருக்கும்

இந்த நோய் தவறவிடப்படுவதற்கு மருத்துவம் சாராத ஒரு காரணம் உண்டு: நேரம். காய்ச்சல் பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ ஏறி, சில மணி நேரத்தில் இயல்புக்கு இறங்கிவிடுகிறது. முப்பது வயதுள்ள ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு 39.6 டிகிரி, பல் கிட்டும் குளிர், தொடையிலும் வயிற்றிலும் தடிப்பு, படுக்கையை விட்டு எழ முடியாதபடி முழங்கால் வலி. மறுநாள் காலை பத்து மணிக்குப் பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் வாங்கி உட்கார்ந்திருக்கும்போது 36.8 டிகிரி, தோலில் ஒன்றுமில்லை, மூட்டில் லேசான இறுக்கம் மட்டும். மருத்துவர் பார்ப்பது காலைநேர மனுஷியை. ‘வைரல் காய்ச்சல்’ என்று பனடாலும் (காய்ச்சல் மாத்திரை) இரண்டு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எழுதித் தருவதில் அவர் பங்கில் பெரிய பிழை இல்லை. அப்படி வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வைரல் காய்ச்சலேதான்.

பிழை எங்கே புகுகிறது என்றால், அடுத்த வாரம் வேறொரு கிளினிக், அதற்கடுத்த வாரம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிளினிக் என்று மாறிக்கொண்டே இருப்பதில். ஒவ்வொரு மருத்துவருக்கும் அது முதல் நாள் காய்ச்சல். மூன்றாவது வாரக் காய்ச்சல் என்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை. சிங்கப்பூரில் 2023இல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற சுகாதாரத் திட்டத்தில் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளச் சொல்வது நாட்பட்ட நோய்களுக்காக மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; இப்படிப்பட்ட அரிய நோய்களிலும் அது கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை ஒரு காய்ச்சல் அட்டவணை. காலை, பிற்பகல், மாலை, இரவு என நான்கு வேளை வெப்பநிலை, பனடால் போட்ட நேரம், தடிப்பு இருந்ததா, எந்த மூட்டு வலித்தது: இவ்வளவும் ஒரு தாளில் இருந்தால் போதும். பனடால் போட்ட நேரத்தைக் குறிக்காவிட்டால் அட்டவணைக்குப் பாதி மதிப்புதான். காய்ச்சல் தானாக இறங்கியதா, மருந்தால் இறங்கியதா என்பது அப்போது தெரியாமல் போகும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தோலும் மூட்டும் ஒரே அழற்சிக்கு ஆளாகலாம், ஸ்டில் நோயில் அந்த அழற்சி எதிர்ப்பொருள் இல்லாமலே நடக்கிறது, அதன் அறிகுறிகள் நாளின் குறிப்பிட்ட நேரத்தில் தோன்றி மறைகின்றன. ஆகவே ஒரே ஒரு மருத்துவச் சந்திப்பில் அதைப் பிடிப்பது அரிது.

மாநிறத் தோலில் இளஞ்சிவப்பு

பாடநூல்கள் இந்தத் தடிப்பைச் சால்மன் மீனின் சதை நிறம் என்று வருணிக்கின்றன. அந்த வருணனை வெளுத்த தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம்மில் பெரும்பாலோரின் மாநிற அல்லது கறுத்த தோலில் அந்த இளஞ்சிவப்பு எடுப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கருத்தோ, செம்பழுப்பாகவோ, சில சமயம் நிற மாற்றமே இல்லாமல் லேசான மேடாகவோ இருக்கும். ‘தடிப்பு ஏதும் இல்லை’ என்று நோயாளியே சொல்லிவிடுவதும் இதனால்தான். அரிப்பு பெரும்பாலும் இருக்காது என்பதால் கையும் அங்கே போவதில்லை.

எங்கே பார்ப்பது? உடம்பின் நடுப்பகுதி, மேற்கை, தொடை ஆகிய இடங்களில் முதலில். கைலியோ உள்பாவாடை நாடாவோ இறுக்கும் இடுப்பு வரியிலும், பையின் வார் அழுத்தும் தோளிலும் தடிப்பு கோடுபோல எழும்பலாம். நகத்தால் லேசாகக் கீறிய தடத்தில்கூடச் சிலருக்கு அது தோன்றும். உராய்வோ அழுத்தமோ பட்ட இடத்தில் தடிப்பு எழும் இந்த இயல்பு நிபுணருக்கு மதிப்புள்ள தகவல். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் மேடு நிழல் விட்டுத் தெரியும். கைப்பேசியில் படம் எடுக்கும்போது அழகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு, அருகிலிருந்து ஒன்றும் தள்ளி நின்று ஒன்றுமாக எடுத்து, அந்த நேரத்து வெப்பநிலையைக் குறித்துவைத்தால், மறுநாள் காலையில் வெறும் தோலைப் பார்க்கும் மருத்துவருக்கு அது சாட்சியாகும்.

முதலில் தள்ளவேண்டியவை

சிங்கப்பூரில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி மூன்றும் சேர்ந்தால் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது கொசுவைத்தான்; அது சரியும்கூட. 2020இல் மட்டும் இங்கே 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. சிக்குன்குனியா 2008 ஜனவரியில் லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட் பகுதியில் முதன்முறையாக உள்ளூரில் பரவியதைத் தேக்கா வட்டாரத்துக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

டெங்கியும் ஸ்டில் நோயும் வெளித்தோற்றத்தில் நெருங்கினாலும் ரத்தத்தில் எதிரெதிராக நடக்கின்றன. டெங்கியில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் பொதுவாகக் குறைகின்றன. ஸ்டில் நோயில் வெள்ளையணுக்கள், அதிலும் நியூட்ரோஃபில்கள், ஏறுகின்றன. டெங்கிக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும்; ஸ்டில் காய்ச்சல் அடங்காது. சிக்குன்குனியாவில் மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கலாம் என்றாலும் கடும் காய்ச்சல் சில நாட்களில் நின்றுவிடும்.

அதற்கப்புறம் பட்டியல் நீளும். அண்மையில் ஊருக்குப் போய்வந்தவருக்கு மலேரியா, டைஃபாய்டு பார்க்கவேண்டும், காசநோயையும் மறக்கக்கூடாது. இதய வால்வில் தொற்று ஏற்பட்டாலும் காய்ச்சல், மூட்டுவலி, தோல் புள்ளிகள் வரும். எச்ஐவியின் தொடக்க நிலையும் அப்படியே. புதிதாகத் தொடங்கிய மாத்திரையால் வரும் ஒவ்வாமை, சில ஆன்டிபயாடிக்குகளாலும் வலிப்பு மருந்துகளாலும் கௌட்டுக்கான அலோப்யூரினாலாலும் கடுமையாகலாம். குறைவாகவே நினைக்கப்படும் தொழுநோயும் உண்டு. உணர்ச்சியற்ற திட்டுகளோடு மூட்டு வீக்கம் வந்தால் அதைத் தேடாமல் விடுவது பெரும் பிழை. கடைசியாக, எல்லோரும் அஞ்சும் லிம்ஃபோமா: நிணநீர் மண்டலத்தில் தோன்றும் இந்தப் புற்றுநோய், காய்ச்சலும் நெறிகட்டும் எடைக்குறைவுமாக ஸ்டில் நோயை அப்படியே நடித்துக் காட்டவல்லது.

‘எதற்கு இத்தனை டெஸ்ட்?’ என்று மருத்துவமனையில் அலுத்துக்கொள்பவர்களுக்கு என் பதில் இந்தப் பட்டியல்தான். ரத்தத்தைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவது, இதய எக்கோ, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் நெறியிலிருந்து திசு என்று ஒவ்வொன்றும் ஒரு கதவை மூடுவதற்காக. ஸ்டில் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஒரு எண் எவ்வளவு பேசும்?

சிங்கப்பூரில் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க உதவும் ஹெல்த்ஹப் செயலியில் பரிசோதனை முடிவு வந்தவுடன், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, இயல்பு எல்லைக்கு வெளியே நிற்கும் எண்களை எண்ணிப் பார்த்துக் கலங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டு எண்களைப் பற்றியாவது தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது ஏ.என்.ஏ. நோய் எதுவும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு 1:160 என்ற அளவில், அதாவது ரத்தநீரை 160 மடங்கு நீர்த்த பிறகும், இது பாசிட்டிவாக இருக்கும். ஒரு லட்சம் ஆரோக்கியமானவர்களைச் சோதித்தால் 5,000 பேர் பாசிட்டிவ் என்று கணக்கு வரும்; லட்சம் பேரில் லூப்பஸ் உள்ளவர்களின் எண்ணிக்கை அதற்கு அருகில்கூட வராது. ஆகவே அறிகுறி ஏதும் இல்லாதவரின் பாசிட்டிவ் முடிவு பெரும்பாலும் வெறும் பாசிட்டிவ்தான். நோய் எவ்வளவு அரிதோ, அவ்வளவு கவனமாக ஒரு பாசிட்டிவைப் படிக்கவேண்டும். அறிகுறிகள் சந்தேகத்தை முன்பே வளர்த்திருந்தால் மட்டுமே பரிசோதனையின் சொல்லுக்குக் கனம் கூடுகிறது.

இரண்டாவது ஃபெரிட்டின். இரும்புச்சத்தைச் சேமித்துவைக்கும் புரதம் இது. ரத்தசோகை பார்க்கும்போது குறைந்திருக்கிறதா என்று தேடுவார்கள். கடும் அழற்சியில், தூண்டப்பட்ட விழுங்கணுக்களும் கல்லீரலும் இதை அள்ளிக் கொட்டுகின்றன. இயல்பு அளவு லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராமுக்குள் இருக்க, ஸ்டில் நோயில் பல ஆயிரங்களைத் தொடுவதுண்டு; இயல்பின் உச்ச எல்லையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போனால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனாலும் ஃபெரிட்டின் உயர்வு ஸ்டில் நோய்க்கு மட்டும் சொந்தமானதல்ல. கல்லீரல் நோய், கடும் தொற்று, புற்றுநோய், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றிலும் அது ஏறும்.

யமகுச்சி அளவுகோல்

சிதறிக் கிடக்கும் துப்புகளை ஒழுங்குபடுத்த, ஜப்பானிய மருத்துவர் யமகுச்சியும் அவருடைய குழுவினரும் 1992இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள்; இன்றும் உலகெங்கும் அதிகம் பயன்படுவது அதுதான். முதன்மையான கூறுகள் நான்கு: ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்த 39 டிகிரி காய்ச்சல்; இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடித்த மூட்டுவலி; மேலே சொன்ன தன்மையுள்ள தடிப்பு; நியூட்ரோஃபில் வகையே மிகுந்த, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 10,000ஐத் தொட்ட அல்லது தாண்டிய வெள்ளையணு எண்ணிக்கை. துணைக் கூறுகளாகத் தொண்டைவலி, நெறிகட்டு அல்லது மண்ணீரல் வீக்கம், கல்லீரல் அளவீட்டில் மாறுதல், ஆர்.எஃப்.பும் ஏ.என்.ஏ.வும் நெகட்டிவாக இருத்தல் ஆகியவை வருகின்றன. மொத்தத்தில் குறைந்தது ஐந்து கூறுகள் இருக்கவேண்டும். அவற்றுள் குறைந்தது இரண்டு முதன்மையானவையாக இருக்கவேண்டும்.

இணையத்தில் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தாமே எண்ணிப் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது அதன் கடைசி நிபந்தனையை: தொற்று, புற்றுநோய், பிற வாத நோய்கள் மூன்றும் விலக்கப்பட்டிருக்கவேண்டும். கடும் தொற்றுள்ள நோயாளி ஒருவர்கூட இந்தப் பட்டியலில் ஐந்து கூறுகளைப் பெற்றுவிடக்கூடும்; நிபந்தனை இல்லாவிட்டால் அவருக்கும் ஸ்டில் நோய் என்றாகிவிடும். ஃபெரிட்டின் இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதும் பலருக்கு வியப்பளிக்கும்.

சுருங்கச் சொன்னால், நேரக் குறிப்பு சந்தேகத்தை எழுப்புகிறது. பரிசோதனைகள் மற்றவற்றைத் தள்ளுகின்றன. அளவுகோல் எஞ்சியதை எண்ணிப் பார்க்கிறது. மூன்றில் எந்த ஒன்றும் மற்ற இரண்டின் வேலையைச் செய்யாது.

தோலிலிருந்து திசு எடுத்தால் தெரியாதா?

தோலில் சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் திசுச் சோதனை, அதாவது பயாப்ஸி, எப்போது பேசும், எப்போது வாய்மூடும் என்பது நோயைப் பொறுத்தது. ஸ்டில் நோயின் வழக்கமான தடிப்பில், ரத்தக்குழாய்களைச் சுற்றி அழற்சி அணுக்கள் கூடியிருக்கும். வேறு பல நோய்களிலும் அப்படியே இருக்கும். ஆகையால் பெரும்பாலும் அது ‘வேறொன்றும் இல்லை’ என்று சொல்வதற்கே பயன்படுகிறது.

இதற்கு நேர்மாறானது மல்டிசென்ட்ரிக் ரெட்டிகுலோஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற, வாயில் நுழையாத பெயர் கொண்ட இன்னும் அரிய நோய். விரல் மூட்டுகளைக் கரைத்துச் சிதைக்கும் இது முடக்குவாதம் என்றே ஆண்டுக்கணக்கில் எண்ணப்படலாம். அதைக் காட்டிக்கொடுப்பது நக ஓரங்களில் மணிகோத்ததுபோல் வரிசையாகத் தோன்றும் சின்னஞ்சிறு கட்டிகள். அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தால், பல உட்கருக்கள் கொண்ட பெரிய அணுக்கள் மங்கிய கண்ணாடித் தூள் போன்ற தோற்றத்தில் நிறைந்திருக்கும். பெயர் அங்கேயே உறுதியாகிவிடும். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் புற்றுநோயும் சேர்ந்திருப்பதால், பெயர் தெரிந்த மறுகணமே அடுத்த தேடல் தொடங்குகிறது. அதனால்தான் மூட்டு நிபுணர் சட்டையைக் கழற்றச் சொல்வதும், நகங்களையும் தலையோட்டுத் தோலையும் தொப்புளையும் பார்ப்பதும். சொரியாசிஸ் திட்டு தலைமுடிக்குள்ளோ தொப்புளுக்குள்ளோ ஒளிந்துகொண்டு மூட்டை மட்டும் வீங்கவைப்பது அத்தனை அரிதான காரியமல்ல.

ஸ்டிராய்டு கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்?

ஒரு மாத்திரையில் வலி பறந்துபோகும் என்று தெரிந்தும் மருத்துவர் ஏன் காக்கவைக்கிறார் என்ற கேள்வி குடும்பத்தாரிடம் நியாயமாகவே எழும். அழற்சியை அடக்கும் ஸ்டிராய்டு, ஸ்டில் காய்ச்சலை விரைவாகத் தணிக்கும். அதே ஸ்டிராய்டு லிம்ஃபோமா அணுக்களையும் தற்காலிகமாகச் சுருக்கிவிடும்; அதன் பிறகு எடுக்கும் திசுவில் புற்றுநோய் தடம் மறைந்துபோகலாம். மறைந்திருக்கும் காசநோய்க்கோ எதிர்ப்பைக் குறைத்துக் கதவைத் திறந்துவிடும். ஸ்டிராய்டுக்குக் காய்ச்சல் அடங்கியதால் அது ஸ்டில் நோய்தான் என்று வாதிடவும் முடியாது. ஸ்டிராய்டுக்கு எது அடங்கவில்லை?

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மூட்டுவலிக்கு ‘முழுக்க மூலிகை’ என்று இணையத்திலும் எல்லை தாண்டியும் வாங்கப்படும் சில மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற வலுவான ஸ்டிராய்டு அறிவிக்கப்படாமல் கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே நிபுணரிடம் போனால், காய்ச்சல் அட்டவணையும் ரத்த எண்களும் திசுவும் எல்லாமே பொய்ச்சாட்சி சொல்லும். தாமாக நிறுத்துவதும் ஆபத்து; நீண்ட நாள் எடுத்த ஸ்டிராய்டை ஒரேயடியாக விட்டால் உடம்பு நிலைகுலையலாம். பொட்டலத்தை அப்படியே எடுத்துப்போய் மருத்துவர் மேசையில் வைத்துவிடுவதுதான் வழி. திட்டு விழுமோ என்று மறைப்பவர்கள் அதிகம்.

பெயர் வைத்த பிறகு

ஸ்டில் நோய் என்று முடிவான பின் ஸ்டிராய்டு, நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து, இன்டர்லூக்கின் 1ஐயோ 6ஐயோ தடுக்கும் ஊசிகள் என்று சிகிச்சை போகிறது. சிலருக்கு ஒரே அத்தியாயத்தோடு முடிகிறது. சிலருக்கு இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறது. மற்றும் சிலருக்குக் காய்ச்சல் ஓய்ந்து, மூட்டு அழற்சி மட்டும் நிலைத்துவிடுகிறது. விலக்கி வந்த பெயர் என்பதால் கோப்பு முழுவதுமாக மூடப்படுவதில்லை. மறையாமல் ஒரே இடத்தில் நிற்கும் தடிப்பு, கெட்டிப்படும் நெறி, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றுள் ஒன்று புதிதாகத் தெரிந்தால், நிபுணர் பழைய பட்டியலை மீண்டும் எடுப்பார்.

எண்களை மட்டும் பார்த்து நிம்மதியடைவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த நோயின் மிக மோசமான சிக்கலே சான்று. ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டு நோயாளிகளுக்கு விழுங்கணுக்கள் கட்டுக்கடங்காமல் போய், ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்குகின்றன. அப்போது காய்ச்சல் மாலைக்கு மாலை என்ற ஒழுங்கை விட்டு நாள் முழுக்க நிற்கும். ஏறியிருந்த வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சரசரவென்று இறங்கும். ஃபெரிட்டின் இன்னும் பல மடங்கு உயரும். அழற்சியின் அளவுகோலாகப் பார்க்கும் இ.எஸ்.ஆர். மட்டும் குறைந்து வரும். ரத்த உறைவுக்கான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோவதால் நிகழும் இந்தக் குறைவைச் செயலியில் பார்ப்பவருக்கு நோய் குணமாகிவருவதுபோலவே தோன்றும். ஸ்டில் நோய் உள்ளவருக்குக் காய்ச்சல் இறங்காமல் நின்று, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலும், மயக்கமோ குழப்பமோ தென்பட்டாலும், அடுத்த சந்திப்புத் தேதி வரை பொறுக்காமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், நோயின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடவேண்டும்.